பள்ளம் விழுந்த கேக்கும் பளபளக்கும் சோப்பும்

கடிதம் எழுதியிருப்பவர் அலுவலகம் போகும் பெண். இரண்டு பிள்ளைகளின் தாய். பண்டிகை விடுமுறைக்கு இந்த முறை கடையில் எதுவும் வாங்குவதில்லை, பரிசுகளை எல்லாம் கையாலேயே செய்வது என்று பிள்ளைகளோடு சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார். கடிதத்தோடு ஒரு பட்டியலும் வைத்திருக்கிறார். ‘ஜெயித்தவை’ என்ற தலைப்பின் கீழே மூன்று பொருட்கள்: பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு ரிப்பன் கட்டிக் கொடுத்த எண்ணெய் பாட்டில்கள், இலவங்கப்பட்டை எண்ணெய் சேர்த்த சோப்பு, காய்ந்த ரோஜா இதழ்கள் பதித்த மெழுகுவர்த்தி. ‘சொதப்பியவை’ என்பதன் கீழே இரண்டு: நடுவில் பள்ளம் விழுந்த கேக், தட்டு முழுக்கப் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பாதாம் குக்கீ.

பரிசு கொடுத்துப் பத்து நாளாகிறதாம். நான்காம் நாளே நாத்தனாரிடமிருந்து போன்: சோப்புப் போட்டதிலிருந்து கை எரிகிறது, சிவந்து வெடிக்கிறது என்று. “அவருக்கு எப்போதுமே எதுவும் ஒத்துக்கொள்ளாது. எல்லாமே இயற்கைப் பொருள். எப்படிக் கெடுதல் செய்யும்? இன்னும் சில வாரம் காயவைத்தால் சரியாகிவிடுமா?” என்று கேட்கிறார். சோப்புக் காய்ச்சும்போது மகன் கையில் எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடாவின் கரைசல் தெறித்ததையும், உடனே வினிகர் ஊற்றியதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். கேக்கின் பள்ளத்தை ஐசிங்கால் நிரப்பி, மகளின் கைவினைப் பெட்டியிலிருந்த தங்க நிறத் தூளைத் தூவிச் சமாளித்தாராம். கடைசியாக இரண்டு கேள்விகள்: “எனக்குக் கைராசியே இல்லையா, இதையெல்லாம் விட்டுவிடலாமா?” “அலுவலகத் தோழி ஒருவர் சோப்பையும் குக்கீயையும் விலைக்குக் கேட்கிறார், கொடுக்கலாமா?”

அன்புள்ள சகோதரி,

உங்கள் பட்டியலைப் படித்து முடித்ததும் அதை அப்படியே தலைகீழாகத் திருப்பி எழுதலாம் போலிருந்தது. நீங்கள் வெட்கப்படும் கேக்காலும் குக்கீயாலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் பெருமைப்படும் மூன்றும்தான் ஒரு மருத்துவராக என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவைத்தன. அதனால் நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லாமல், அவசரமானதிலிருந்து தொடங்குகிறேன். அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை.

முதல் வேலை: பூண்டு எண்ணெய்

அந்த பாட்டில்களை வாங்கிக்கொண்ட எல்லோருக்கும் இன்றே போன் செய்து, இனி பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் மிச்சம் இருந்தால் அதுவும் வேண்டாம்.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. அந்த மண்ணில் பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் இருப்பது சாதாரணம். காற்றுப்படும் இடத்தில் அவை வளராது, நமக்குத் தொல்லையும் இல்லை. ஆனால் ஈரமுள்ள, புளிப்பில்லாத பூண்டை எண்ணெய்க்குள் மூழ்கடித்து அறை வெப்பத்தில் வைத்தால், காற்று இல்லாத, புளிப்பும் இல்லாத, ஈரமான ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. அங்கே அவை முளைத்து நச்சை உண்டாக்கலாம். அந்த நச்சுக்கு வாசனை கிடையாது, ருசி கிடையாது, எண்ணெயின் நிறமும் மாறாது. முகர்ந்து பார்த்தோ நாக்கில் வைத்துப் பார்த்தோ கண்டுபிடிக்கவே முடியாது. தயவுசெய்து அப்படிச் சோதிக்கவும் வேண்டாம்.

“பூண்டை நன்றாக வதக்கித்தான் போட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் நினைப்பதுதான். எண்ணெய் எவ்வளவு சூடாக இருந்தாலும், பல்லுக்குள் ஈரம் இருக்கும்வரை உள்பக்கத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. இந்த வித்துகளைத் தீர்க்க அழுத்தத்தில் 121 டிகிரி வேண்டும். வதக்கினால் மற்ற கிருமிகள் சாகும், இவை தப்பிவிடும். 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் ஊறிய பூண்டால் 36 பேருக்கு இந்த நோய் வந்தது. அதில் பலருக்கு இன்ன நோய் என்று பிடிபடவே வாரக்கணக்கில் ஆனது. நோய் அவ்வளவு அபூர்வம் என்பதால் மருத்துவர்களுக்கே சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

அபூர்வம் என்பதை அழுத்தியே சொல்கிறேன். உங்கள் பாட்டிலில் நச்சு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலும் இருக்காது. ஆனால் இருந்துவிட்டால் கதை வேறு. மூச்சுத் தசைகள் தளர்ந்து, வாரக்கணக்கில் செயற்கைச் சுவாசக் கருவியில் இருக்க நேரிடும். அந்த எண்ணெயைச் சாப்பிட்ட யாருக்காவது பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, வாய் வறண்டு பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது, கைகால் தளர்வது என எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் அடையக் கூடாது; இந்த நோயில் பொதுவாகக் காய்ச்சல் வராது. அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் தெரியும், சிலருக்கு ஒரு வாரம் கழித்தும் வரும். எண்ணெய் சாப்பிட்டதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். முறிமருந்து இருக்கிறது. அது நோய் மேற்கொண்டு ஏறாமல் தடுக்குமே தவிர, தளர்ந்த தசையை உடனே எழுப்பாது. அதனால் சீக்கிரம் கொடுத்தால்தான் பயன்.

பாட்டிலை மூடி திறக்காமல் இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டால் போதும். அடுத்த முறை ஆசையாக இருந்தால், நன்றாகக் காய்ந்த மிளகாயை மட்டும் போட்டுக் கொடுங்கள். ஈரம் இல்லாததால் அதில் இந்தச் சிக்கல் இல்லை. பச்சைப் பூண்டு போட்டே தீர வேண்டும் என்றால், வீட்டுத் தேவைக்குக் கொஞ்சமாகச் செய்து, உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அது பரிசுப் பொருள் ஆகாது.

சோப்பு: நாத்தனார் சொல்வதை நம்புங்கள்

நேரில் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்க முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நீங்கள் எழுதிய ஒரு வரி நிறையச் சொல்லிவிட்டது. இணையத்தில் பார்த்த குறிப்பில் தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 87 கிராம். உங்களிடம் தேங்காய் எண்ணெய் பாதிதான் இருந்தது. மீதிக்கு ஆலிவ் எண்ணெய் ஊற்றினீர்கள். “ரெண்டும் எண்ணெய்தானே” என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான்.

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறுகின்றன. ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேண்டிய காஸ்டிக்கின் அளவு வேறு. 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 18.3 கிராம் வேண்டும். ஆலிவ் எண்ணெய்க்கு 13.5 கிராம் போதும். குறிப்பை எழுதியவர் 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு வேண்டிய 91.5 கிராமில் 5 சதவீதத்தைக் குறைத்து, கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நிற்கட்டும் என்று 87 வைத்திருக்கிறார். நல்ல குறிப்புதான். ஆனால் பாதிக்குப் பாதி ஆலிவ் எண்ணெய் ஆனதும், முழு எண்ணெயையும் சோப்பாக்கவே ஏறக்குறைய 80 கிராம் போதும். நீங்கள் போட்டது 87. எண்ணெய் மிச்சம் நிற்க வேண்டிய இடத்தில் 7 கிராம் காஸ்டிக் சோடா மிச்சம் நிற்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். காயவைத்தால் சரியாகுமா? ஆகாது. சோப்பை நான்கு முதல் ஆறு வாரம் காயவைப்பது முக்கியமாக ஈரம் வற்றவும் கட்டி கெட்டிப்படவும்தான். எண்ணெய் சோப்பாக மாறும் வேலை பெரும்பாலும் முதல் ஓரிரு நாளிலேயே முடிந்துவிடும். சேர்வதற்கு எண்ணெயே இல்லாத காஸ்டிக், எத்தனை வாரம் வைத்தாலும் உள்ளே இருக்கும். சந்தேகம் இருந்தால், அமிலமா காரமா என்பதை எண்ணாகக் காட்டும் பிஎச் தாள் (காரம் கூடக் கூட எண் கூடும்) வாங்கி, சோப்பைக் கொஞ்சம் நீரில் நுரைத்துத் தொட்டுப் பாருங்கள். ஒழுங்காகச் செய்த சோப்பு 9-க்கும் 10-க்கும் பக்கத்தில் காட்டும். 11-ஐத் தாண்டினால் அது தோலில் படக் கூடாது. நம் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5. இந்த அளவில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதை நினைத்துக்கொண்டால் நாத்தனாரின் கை ஏன் எரிந்தது என்று புரியும். சோப்பு செய்பவர்களில் சிலர் நாக்கால் தொட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது.

நாத்தனாருக்கு ஒவ்வாமை இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. காஸ்டிக் போன்ற காரத்தால் வரும் எரிச்சல் யாருக்கும் வரும், சோப்புப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே தொடங்கும். அரிப்பைவிட எரிச்சலும் வறட்சியும் கூடுதலாக இருக்கும். ஒவ்வாமை சிலருக்குத்தான். பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத் தலைகாட்டும், அரிப்பு முன்னால் நிற்கும். இரண்டாவது வகையில் இலவங்கப்பட்டை எண்ணெய் பெயர்போனது. இயற்கையானது என்பதால் தோலுக்கு இதமானது என்ற நம்பிக்கை எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் இருக்கிறது. பட்டைக்கு அந்த வாசனையைத் தரும் சேர்மமே தோலில் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. மரத்திலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் அது ஒன்றுதான். நாத்தனார் முதல் குளியலிலேயே எரிந்ததாகச் சொன்னதையும், உங்கள் மகளும் “சுருக்சுருக்கென்று குத்துகிறது” என்றதையும் சேர்த்துப் பார்த்தால், என் சந்தேகம் காரத்தின் மேல்தான். இரண்டு பேருக்குமே ஒரே நேரத்தில் ஒத்துக்கொள்ளாமல் போவது அரிது.

சோப்பை நிறுத்திவிட்டு, வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லியை நாளுக்கு நாலைந்து முறை தடவினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தேறிவிடும். கொப்புளம், நீர் வடிதல், சீழ் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போது சோப்பின் ஒரு துண்டையும் உறையில் போட்டு எடுத்துப் போகட்டும். மற்றவர்களுக்குக் கொடுத்த கட்டிகளையும் திரும்பக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மகன் விஷயம். கடவுள் புண்ணியத்தில் சின்ன சிவப்போடு போயிற்று. காஸ்டிக் சோடா தெறித்தால் வினிகர் வேண்டாம். காரத்தை அமிலத்தால் அடிக்கலாம் என்ற கணக்கு காகிதத்தில் சரி. தோலின் மேல் அந்த வினை சூட்டைக் கிளப்பும், வினிகரைத் தேடி எடுக்கும் நேரத்தில் காரம் இன்னும் ஆழமாக இறங்கும். காரப் புண் முதலில் அவ்வளவாக வலிக்காமல் இருந்துவிட்டு உள்ளே அரித்துக்கொண்டே போகும். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம்; நனைந்த துணியைக் கழற்றிவிட வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். இனி அந்தக் கட்டத்தில் பிள்ளைகள் அறையிலேயே இருக்க வேண்டாம். பெரியவர் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, தண்ணீரில் காஸ்டிக்கைக் கொட்டட்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது: காஸ்டிக் அதை அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜனை வெளியேற்றும்.

கேக்கின் பள்ளமும் அதன் மேல் தூவிய தங்கமும்

பேக்கிங் பவுடர் தீர்ந்துபோய் அதே அளவு சமையல் சோடா போட்டதாகச் சொன்னீர்கள். சமையல் சோடாவுக்கு மூன்று நான்கு மடங்கு வேகம் அதிகம். மாவு விறுவிறுவென்று எழும்பி, அதைத் தாங்கும் அளவுக்கு வேகும் முன்பே சரிந்துவிட்டது. நடுவில் ஓவன் கதவைத் திறந்து திறந்து பார்த்தது மிச்ச வேலையை முடித்திருக்கும். லேசான சோப்பு ருசி வந்தது என்றீர்களே, அதுவும் சோடாவின் மிச்சம்தான். நடுப்பகுதி முழுதாக வெந்திருந்தால், அந்த கேக்கில் உடம்புக்குக் கெடுதல் எதுவும் இல்லை. வெட்டிக் கண்ணாடிக் கிண்ணங்களில் போட்டுப் பழமும் க்ரீமும் வைத்துக் கொடுத்திருந்தால் யாரும் பள்ளத்தைத் தேடியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அதை மறைக்கத் தூவிய தூள்! டப்பாவில் ‘நச்சற்றது’ என்று போட்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் கைவினைக்குப் பயன்படுத்தும் விதத்தைக் குறிப்பது. சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. சாப்பிடக்கூடிய அலங்காரத் தூள் என்றால் உணவுப் பொருள் போலவே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் அட்டையில் இருக்கும். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2018-ல் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தி வந்தது. ஐசிங்கில் இருந்த ரோஜாத் தங்க நிறத் தூளில் பெரும்பகுதி செம்புப் பொடி. மறு ஆண்டு மிசௌரியில் ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. அதற்கும் கேக் அலங்காரத் தூளே காரணமாகக் கண்டறியப்பட்டது.

பத்து நாளாகியும் யாருக்கும் வாந்தி, வயிற்றுவலி இல்லை என்றால் பதற வேண்டியதில்லை. டப்பாவை எடுத்து ஒருமுறை பாருங்கள். உலோகப் பொடி என்றோ, எதுவுமே எழுதாமலோ இருந்தால், பிள்ளைகளின் மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவையென்றால் ஈயத்துக்கான இரத்தப் பரிசோதனையை அவர் எழுதித் தருவார். அப்புறம், ஐசிங்கில் பச்சை முட்டை வெள்ளைக்கரு சேர்த்தது, பிள்ளைகள் குக்கீ மாவை வழித்து நக்கியது, இரண்டும் இனி வேண்டாம். முட்டையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், மாவைப் பற்றித் தெரியாது: அரைத்த மாவு வேகவைக்காத பச்சைப் பொருள்தான். 2016-ல் அமெரிக்காவில் ஈ-கோலை என்ற குடல் கிருமியால் நோய் பரவியதைத் தேடிப்போனபோது மாவில்தான் போய் நின்றது.

குக்கீ பரவியதற்கு வெண்ணெய் உருகியதும் சூடான தட்டில் வைத்ததும் காரணமாக இருக்கும். உருட்டிய மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, ஆறிய தட்டில் வையுங்கள்.

மெழுகுவர்த்தியைப் பற்றி ஒரே வார்த்தை: ஏற்ற வேண்டாம். காய்ந்த இதழ் ஒவ்வொன்றும் இன்னொரு திரி. சுடர் அதை எட்டியதும் மேற்பரப்பு முழுக்கத் தீப்பிடிக்கலாம், மெழுகு ஊற்றிய கண்ணாடிப் பாத்திரமாக இருந்தால் அது வெடிக்கலாம். அப்படி எரிந்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடி போட்டு அணைக்க வேண்டும். ஷோகேஸில் அழகாக இருக்கும், அங்கேயே இருக்கட்டும்.

விடுவதா, விற்பதா

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய்க்குப் பதில் ஆலிவ், பேக்கிங் பவுடருக்குப் பதில் சோடா, சாப்பிடும் தூளுக்குப் பதில் கைவினைத் தூள். மூன்று இடத்திலும் கை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோலிருந்த வேறொன்றை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். சமையலில் நாம் தினமும் செய்வது அது. குழம்பில் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று போட்டு ருசி பார்த்துச் சரிசெய்துவிடலாம். பேக்கிங்கிலும் சோப்பிலும் நடுவில் ருசி பார்க்க வழியில்லை, எடை போடத்தான் வேண்டும். ஆகவே விட வேண்டியதில்லை. ஒரு டிஜிட்டல் தராசும் ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டரும் வாங்குங்கள். ஓவன் குமிழ் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை. எண்ணெயை மாற்றினால் காஸ்டிக் கணக்கை முதலிலிருந்து போடுங்கள். செய்வதற்கு முன்பே ஒரு பொருள் குறைகிறது என்று தெரிந்தால் அன்றைக்கு அதைச் செய்யாதீர்கள். விடுமுறை முடிவதற்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்ற அவசரம்தான் இப்படிக் கைக்குக் கிடைத்ததைப் போட வைக்கிறது. பிள்ளைகளோடு செய்ய ஐந்து பொருள் தேவையில்லை, ஒன்று போதும்.

தோழி கேட்பதைப் பற்றி: சோப்பு இப்போதைக்கு வேண்டாம். பல நாடுகளில் உடம்புக்குப் போடும் சோப்பு அழகுசாதனப் பொருள் கணக்கில் வரும். உரிமம், லேபிள் என்று விதிகள் இருக்கும். உங்கள் ஊர் விதி என்ன என்பதை விற்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்தானே என்பது ஒரு புண் வரும்வரை மட்டுமே செல்லும். விதியைத் தாண்டி என் பங்குக்கு ஒன்று: ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் என்ன எண்ணெய், எத்தனை கிராம், எந்தத் தேதி, பிஎச் எவ்வளவு என்று எழுதிவைத்து, அதில் ஒரு கட்டியை நீங்களே சில வாரம் பயன்படுத்திப் பார்த்த பிறகே அடுத்தவர் கைக்குக் கொடுங்கள்.

குக்கீக்கும் உணவு விற்பனை விதிகளை விசாரிக்க வேண்டும். விற்றாலும் சும்மா கொடுத்தாலும் டப்பாவின் மேல் பாதாம், கோதுமை, முட்டை, வெண்ணெய் என்று எழுதி ஒட்டாமல் கொடுக்காதீர்கள். குக்கீயில் பாதாம் மாவு கண்ணுக்குத் தெரியாது. கொட்டை ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு கடியிலேயே முகம் வீங்கி மூச்சு அடைக்கலாம். அது தெரியாமல் வாங்கிக்கொள்பவர் தோழியாக இருக்க மாட்டார், அவர் அந்த டப்பாவைத் திறந்து நீட்டும் யாரோ ஒருவராகத்தான் இருப்பார். டப்பாவோடு வைக்கும் வாழ்த்து அட்டையின் பின்பக்கமே இதை எழுதப் போதும்.